சேலை கரன்ட் கொடுக்குமா?

போன மாதம் மதுராந்தகத்தில் என் ஆயா வாசற்படியில் தடுக்கி விழுந்துவிட்டார். அடி பெரிதில்லை. ஆனால், அரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. விழுந்தால் எங்கள் போனுக்குத் தகவல் அனுப்பும் ஸ்மார்ட் வாட்ச் கையில்தான் இருந்தது. அதில் சார்ஜ் இல்லை!

"தெனமும் நடக்கிறேனே கண்ணு, அதுலயே கரன்ட் வராதா?" என்றார் ஆயா. சிரித்துவிட்டேன். தேடிப் பார்த்தால், விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி வருகிறது அல்லவா? உள்ளே இருக்கும் சிறு துண்டு அடிபடும்போது மின்சாரம் பிறக்கிறது. 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஸோங் லின் வாங் குழு இதையே நூலில் செய்தது. கெவ்லார் இழைமேல் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளை வளர்த்தார்கள். இரண்டு இழைகள் உரசியதும் மின்சாரம் வந்தது.

சீப்பால் வாரும்போது முடி எழும்பி நிற்குமே, அந்த உராய்வு மின்சாரம் இன்னொரு வழி. 2016-ல் வாங் குழுவினர் அதோடு சூரிய ஒளி இழைகளையும் சேர்த்துத் துணி நெய்தார்கள். 4 செ.மீ.க்கு 5 செ.மீ. துண்டை அணிந்து வெயிலில் நடந்தால் 0.5 மில்லிவாட் கிடைத்தது.

போனுக்குப் போதுமா? 5,000 எம்.ஏ.எச். பேட்டரி நிரம்ப, அந்தத் துண்டோடு 4 வருடங்களுக்கு மேல் நிற்காமல் நடக்க வேண்டும்! ஆனால், அசைவை மட்டும் கவனிக்கும் ஒரு குட்டி சென்சாருக்கு அந்தத் துளி மின்சாரமே போதும். ஆயாவுக்குத் தேவை அதுதானே?

சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு தண்ணீர் பட்டால் கெடும். காற்றில் ஈரம் கூடினால் உராய்வு மின்சாரம் கசிந்துவிடும். ஆயாவோ தினமும் சேலையைத் துவைப்பவர். ஏரிக்காற்றும் ஐப்பசி மழையும் வேறு! இதையெல்லாம் தாங்கும் துணி வந்தால்தான் அவருக்கு உதவும்.

அதுவரை எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. ஆயா சீரியல் பார்க்க உட்கார்ந்ததும் வாட்ச் சார்ஜுக்குப் போகும். சீரியல் முடிந்ததும் கைக்குத் திரும்பும். சென்னையிலிருந்து நான் போன் செய்து கேட்டுக்கொள்வேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் இருக்கும் வாட்சில் இப்போது எத்தனை சதவிகிதம் சார்ஜ் இருக்கிறது? ஒரு நிமிடம் எழுந்து போய்ப் பாருங்களேன்!