கண்மாய்க்கு ஒரு கூன் வண்டு

அரிசியைச் சுளகில் இட்டுப் புடைக்கும்போது மூக்கு நீண்ட கரிய பூச்சி ஒன்று ஓடுமே, அதை அறியாத இல்லம் மதுரையில் இராது. தென்னந்தோப்பு வைத்திருப்போரோ, அதன் பெரிய உறவினனாகிய சிவப்புக் கூன் வண்டின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பர். இவ்விரண்டைக் கண்டு குலம் முழுவதையும் வெறுத்தல் நியாயமன்று. நீர்நிலைகளில் வாழ்ந்து நமக்கு உபகாரம் செய்யும் கூன் வண்டும் உண்டு.

வண்டியூர்க் கண்மாயில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததை நேயர்கள் பன்முறை கண்டிருப்பர். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, வங்காளத்து நீர்நிலைகளை மூடி, 1936-இல் தனக்கென்றே அங்கு ஒரு சட்டம் இயற்றச் செய்தது. அனுகூலமான நீரில் இரண்டு வாரத்தில் இருமடங்காகிவிடும். ஊதாப் பூவின் அழகில் மயங்கி இன்றும் இதைத் தொட்டியில் வளர்ப்போர் உளர். அவர்களுக்கு என் சொல்வது!

செடி வந்தது, அதை உண்ணும் பூச்சி உடன் வரவில்லை. பெங்களூரை அடுத்த ஹெஸரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1982-83-இல் ‘நியோகெடினா’ என்னும் கூன் வண்டில் இரண்டு இனங்களை வரவழைத்தனர். நம் பயிர்களை அவை தீண்டுமா என்று சோதித்த பிறகே ஏரிகளில் விட்டனர்.

நெல்மணியினும் சிறிய வண்டு இது. இரவில் இலையைச் சுரண்டித் தின்னும். காம்பினுள் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, காம்பைக் குடைந்துகொண்டே குருத்தை அடையும். பின்னர் நீருக்கடியில் வேரைப் பற்றி, வேரிழைகளாலேயே கூடு கட்டி அதனுள் உறங்கும். இங்கேதான் நம் ஊருக்குரிய சிக்கல் எழுகிறது. கோடையில் கண்மாய் வறண்டால் செடியோடு வண்டும் மடியும். விதை மட்டும் சேற்றில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மழை வந்ததும் செடி முளைக்கிறது. வண்டுக்கு எங்கே போவது?

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1995-க்குப் பின் இவ்வண்டுகளை விட்டனர். சில ஆண்டுகளில் செடி வெகுவாகக் குறைந்தது. மழையும் அலையும் துணை நின்றன என்பாரும் உளர். அந்த ஏரி கோடையில் வற்றுவதில்லை என்பதை மறக்கலாகாது.

வேறு இரண்டு இடையூறுகளும் உள்ளன. சாக்கடை நீர் செடிக்கு எருவாகிறது. வண்டு தின்பதற்கு முந்திச் செடி தழைத்துவிடுகிறது. இயந்திரத்தால் செடியை வாரும்போதோ வண்டும் சேர்ந்து கரையில் காய்கிறது. தூர் வாரும்போது ஒரு மூலையில் வற்றாத பள்ளம் ஒன்றை விட்டு, வேலியிட்டு, வண்டேறிய செடிகள் சிலவற்றை அதில் காத்து வரலாம் என்பது நம் அபிப்பிராயம். சாக்கடையைத் திருப்பும் வேலையை மட்டும் வண்டின் தலையில் கட்ட முடியாது.