கை பொறுக்கும் சூடு

கொரோனா காலத்தில் நம் வீடுகளில் அன்றாடம் புழங்கிய சொல் ஆர்டி-பிசிஆர். பாசிட்டிவா நெகட்டிவா என்பதே அன்றைய கவலை; அந்த முதல் இரண்டெழுத்து எதைக் குறிக்கிறது என்று கேட்க யாருக்கும் மனம் இருக்கவில்லை. கொரோனா வைரஸின் மரபுப் பொருள் ஆர்என்ஏ. பிசிஆர் முறையோ டிஎன்ஏவை மட்டுமே படியெடுக்கும். ஆகவே முதலில் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவை எழுதியாக வேண்டும். அதைச் செய்யும் நொதி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். அதன் சுருக்கம்தான் 'ஆர்டி'. மரபுச் செய்தி டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவுக்குத்தான் போகும், திரும்பி வராது என்று பெரும்பாலான உயிரியலாளர்கள் நம்பியிருந்த காலத்தில், திரும்பியும் வரும் என்று 1970-இல் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே காட்டின. ஒன்று டேவிட் பால்டிமோருடையது, மற்றது ஹோவர்ட் டெமினுடையது. இரு ஆய்வுகளும் 'நேச்சர்' இதழில் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வெளிவந்தன. 1975-இல் ரெனட்டோ டல்பெக்கோவுடன் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இவர்கள் அறிமுகமான இடம் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற சிறிய கடலோர ஊரில், ஜாக்சன் ஆய்வகம் மாணவர்களுக்காக நடத்திய கோடைத் திட்டம். பால்டிமோர் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவர். டெமின் கல்லூரி முடித்தவர். அவரும் 1949-இல், 14 வயதுப் பையனாக, இதே திட்டத்தின் வழியாகத்தான் உயிரியலுக்குள் நுழைந்திருந்தார்.

ஜாக்சன் ஆய்வகத்தின் கோடைத் திட்டத்துக்கு 1924 தொடக்க ஆண்டு. மாணவர்கள் 'ஹைசீஸ்' என்ற பழைய கடற்கரை மாளிகையில் ஒன்றாகத் தங்குகிறார்கள்; ஆளுக்கொரு ஆய்வாளரின் கீழ் ஆளுக்கொரு ஆய்வுக் கேள்வியை எடுத்துக்கொண்டு கோடை முழுவதும் வேலை பார்க்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் போக்குவரத்தும் ஆய்வகத்தின் செலவு. அதற்கு மேல் உதவித்தொகையும் உண்டு. இதே வகையில் 1984 முதல் நடந்துவரும் 'ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்' திட்டமும் எம்ஐடி வளாகத்தில் ஆறு வாரம் தங்கவைத்துக் கட்டணம் வாங்காமல் நடக்கிறது. இன்னொரு பக்கம், சில வாரங்களுக்குப் பல ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கும் கோடை வகுப்புகள் அமெரிக்காவில் ஏராளம். விளம்பரத்தில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். என் பார்வையில் பள்ளி மாணவர்களுக்கான உயிரித் தொழில்நுட்பத் திட்டம் எதையும் இரண்டே கேள்விகளால் எடைபோட்டுவிடலாம்: மாணவர் அங்கேயே தங்குகிறாரா? தங்குவதற்கான செலவு யாருடையது?

தங்குவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்கள் ஆய்வகத்தின் மிக எளிய பரிசோதனை ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். ஜெல்லி மீனை ஒளிரச் செய்யும் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தும் பயிற்சி அது; அமெரிக்கப் பள்ளிகளிலும் செய்கிறார்கள். மரபணு ஏற்றிய பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தையும் பாக்டீரியாவையும் பனிக்கட்டியில் வைத்துக் கலந்து, 42 டிகிரி நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முக்கி, மீண்டும் பனிக்கட்டிக்கு மாற்றி, ஆம்பிசிலின் மருந்து கலந்த அகார் தட்டில் பரப்ப வேண்டும். பிளாஸ்மிட்டில் அந்த மருந்தைத் தாங்கும் மரபணுவும் இருக்கிறது. ஆகவே அது உள்ளே போன பாக்டீரியா மட்டும் பிழைக்கும். இதுவரை கைவேலை, ஒன்றிரண்டு பாட வேளையில் முடிந்துவிடும். அதன் பிறகு தட்டு 37 டிகிரியில் ஓர் இரவு முழுக்க இருந்தாக வேண்டும். பாக்டீரியாவுக்குப் பள்ளி மணி தெரியாது. பள்ளியில் மறுநாள் ஆசிரியர் தட்டை எடுத்துக் காட்டுவார். பச்சையாக ஒளிர்ந்தால் கைதட்டல், ஒளிராவிட்டால் அடுத்த பாடம். ஆய்வகத்திலோ பாடம் அந்தக் காலையில்தான் தொடங்குகிறது. பிளாஸ்மிட் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டில் ஒன்றுமே முளைத்திருக்கக் கூடாது. அதில் தட்டு நிறைய வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். ஏன்? அகாரைக் கொதிக்க வைத்து இறக்கியதும் சூட்டோடு சூடாக ஆம்பிசிலினை ஊற்றியிருப்பார்கள்; அந்தச் சூட்டில் மருந்து சிதைந்துபோகும். குடுவையைக் கையில் பிடிக்க முடிகிற அளவு ஆறும்வரை காத்திருந்து கலக்க வேண்டும். அதற்காக ஆறவே விட்டுவிட்டால் அகார் குடுவையிலேயே உறைந்துவிடும். இந்தக் கை பொறுக்கும் சூட்டைப் பாடப்புத்தகத்திலும் எழுதலாம்தான். ஒரு முறை தட்டுகளைப் பாழாக்கி, காரணம் தேடித் துருவி, அன்று மாலையே புதிதாக வார்த்து, மறுநாள் காலை வரை காத்திருந்தவருக்குத்தான் அது கையில் ஏறும். அந்தக் காத்திருப்பின்போது சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரும் தன்னைப் போலவே தோற்ற தட்டோடு வந்தவர் என்பது சாதாரண விஷயம் இல்லை. தான் மட்டும் மக்கு என்று ஒரு மாணவர் முடிவுகட்டி விலகிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கோடைக்குள் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை என்ன ஆராய்ச்சியைச் செய்துவிட முடியும் என்பது வழக்கமான கேள்வி. பெரிதாக எதுவும் முடியாது, உண்மை. பால்டிமோருக்கு நோபல் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு பார் ஹார்பரில் நடந்தது அல்ல. ஆராய்ச்சி உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அங்கே நேரில் கண்டார். ஒரு தொழிலுக்குள் நுழைய அது போதும். தச்சுப் பட்டறையில் சேரும் பையன் முதல் வருஷமே தேர் செய்துவிடுவதில்லை. ஆனாலும் மாணவரின் பெயரைக் கட்டுரையில் சேர்த்து, போட்டிகளுக்கு அனுப்பி, கல்லூரி விண்ணப்பத்துக்குப் பகட்டுச் சேர்க்கும் பழக்கம் இத்தகைய திட்டங்களைச் சூழ்ந்துவிட்டது. முடிவு கையில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும், தோற்கக்கூடிய கேள்விகளை வழிகாட்டிகள் ஒதுக்கிவிடுகிறார்கள். மாணவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே விடை தெரிந்த பயிற்சி. அப்படிச் செய்தால் தங்கவைத்ததன் பயனே போய்விடுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பால்டிமோரும் டெமினும் ஏழைகள் அல்லர். ஒருவரின் தாய் உளவியலாளர், மற்றவரின் தந்தை வழக்கறிஞர். இவர்கள் எப்படியும் அறிவியலுக்குள் வந்திருப்பார்கள், கோடைத் திட்டம் ஒரு அலங்காரம்தான் என்று வாதிடலாம். இருவரைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அப்படி 'எப்படியும் வருகிறவர்கள்' யார் என்று பார்த்தால் வாதம் திரும்பி நிற்கிறது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேரின் பின்னணியை ஆராய்ந்து 2019-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வருமானத்தில் உச்சியில் உள்ள 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை காப்புரிமை பெறும் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, வருமானத்தில் கீழ்ப்பாதியில் உள்ள குடும்பத்துப் பிள்ளையின் வாய்ப்பைப் போலப் பத்து மடங்கு. மூன்றாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தாலும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. மருத்துவக் கருவித் தொழில் செழித்த மினியாபோலிஸில் வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் வேறு ஊருக்குப் போனாலும் மருத்துவக் கருவிகளில்தான் கூடுதலாகக் காப்புரிமை பெறுகிறார்கள். ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் மிகுந்த ஊரில் வளர்ந்த சிறுமிகள் அதே துறைக்குக் கூடுதலாகப் போகிறார்கள். அந்த ஆய்வு கோடைத் திட்டங்களைப் பற்றியது அல்ல. அதை வைத்து அவற்றின் பலனை அளந்துவிட்டதாகச் சொல்வது தவறு. ஆனால் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள் என்பது அவர்களின் பாதையைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டுகிறது. அப்படிப் பார்க்கும் வாய்ப்பு வீட்டிலோ ஊரிலோ கிடைக்காத பிள்ளைக்கு அதைத் தரக்கூடிய வழிகள் மிகச் சில. கோடைத் தங்கல் அவற்றில் ஒன்று.

அதனால்தான் செலவு யாருடையது என்ற கேள்வியை நான் விடுவதாக இல்லை. கட்டணம் கட்டி வரும் பிள்ளைகளில் பலருக்கு அந்த அனுபவம் வேறு வழிகளிலும் கிடைத்துவிடும். கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்தாலும் போதாது. கோடையில் கடையிலோ உணவகத்திலோ வேலை பார்த்துக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் மாணவர்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இலவசத் திட்டமும் வருமான இழப்புதான். ஜாக்சன் ஆய்வகம் தரும் உதவித்தொகையைத் தாராளம் என்று மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தத் தொகை இருந்தால்தான் சில வீடுகளில் விண்ணப்பப் படிவமே நிரப்பப்படும்.

இப்படிச் சிலருக்குச் செலவிடும் பணத்தில் நூறு பள்ளி ஆய்வகங்களைச் சீரமைக்கலாமே என்பார்கள். பள்ளி ஆய்வகங்கள் சீராக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; அதற்கான கடமை அரசுகளுடையது, அதைத் தட்டிக்கழிக்கக் கோடைத் திட்டங்களைச் சாக்காக்கக் கூடாது. ஆனால் எவ்வளவு நல்ல பள்ளி ஆய்வகமும் மாலையில் பூட்டப்படும். ஆய்வு நிறுவனத்துக்கு ஏற்கெனவே கட்டடமும் கருவியும் ஆட்களும் இருக்கின்றன. அது புதிதாகத் தர வேண்டியது படுக்கையும் சாப்பாடும் ஒரு வழிகாட்டியின் நேரமும். கையில் வசதி சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடும் நிறுவனங்கள் ஜாக்சன் ஆய்வகத்தின் வரலாற்றையே எடுத்துப் பார்க்கலாம். 1947 அக்டோபரில், பார் ஹார்பர் இருக்கும் மவுண்ட் டெசர்ட் தீவைச் சூறையாடிய காட்டுத் தீயில் அந்த ஆய்வகத்தின் பெரும்பகுதியும், தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த எலிகளில் கிட்டத்தட்ட எல்லாமும் அழிந்தன. முன்பு அங்கிருந்து எலிகளை வாங்கியிருந்த ஆய்வாளர்கள் பல இடங்களிலிருந்தும் அவற்றின் வாரிசுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த எலிகளிலிருந்து ஆய்வகம் மறுபடி எழுந்தது. ஹோவர்ட் டெமின் என்ற 14 வயதுப் பையனுக்கு அது இடம் கொடுத்தது, அந்தத் தீக்குப் பிறகு வந்த இரண்டாவது கோடையில்.