பெட்டிக்குள் ஒரு காவல் நிலையம்

ஆரணியை அடுத்த சேவூரில் மாலை வேளையில் நடந்து செல்பவர்க்குத் தறியோசையே வழித்துணை. சென்ற மாதம் அவ்வூர் நெசவாளர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். முன்கட்டில் குழித்தறி; தறியில் பாதி நெய்யப்பட்ட மயில்கழுத்து நிறச் சேலை; மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைகள். நலம் விசாரித்துக்கொண்டு அமர்ந்திருந்த வேளையில், திடீரெனக் காவல் வண்டியின் சங்கொலி வீட்டை அதிரச் செய்தது. நாம் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தோம். ஒலி வந்ததோ பின்கட்டிலிருந்து.

வீட்டுக்கார அம்மாள் சிரித்தார். சிரிப்பைவிட அதில் சலிப்பே மிகுதி. "போலீசு எல்லாம் வரலீங்க ஐயா. எங்க பையன்தான். தார் சுத்திக் குடுடான்னா, எந்நேரமும் அந்தப் பொட்டி முன்னாலயே குந்திக்கினு இருக்கான். நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

ஒரு வார்த்தை சொல்லும் நோக்கத்தோடுதான் நாம் உள்ளே சென்றோம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம்.

பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், வயது பத்தொன்பது. அவனுக்கு முன்னே கணிப்பொறித் திரையில் ஒரு பெருநகரம் விரிந்து கிடந்தது. அகன்ற சாலைகள், கடற்கரை, மலை, விளக்குகள், நடந்து செல்லும் மக்கள். அந்நகரின் பெயர் லாஸ் சாண்டோஸ். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் பார்த்துக் கற்பனையாகச் செய்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் ஆட்டத்தின் ஐந்தாம் பாகம் அது. ராக்ஸ்டார் நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்டார்கள். கணிப்பொறிக்கு 2015-இல் வந்தது. உலகெங்கும் 20 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. பெயரின் பொருளே வாகனத் திருட்டுத்தான். வண்டியைத் திருடலாம், வழிப்போக்கரை அடிக்கலாம், வங்கியைக் கொள்ளையிடலாம். குற்றம் பெருகப் பெருகத் திரையின் மூலையில் நட்சத்திரங்கள் ஒன்று முதல் ஐந்து வரை கூடும். கூடக்கூடக் காவலர் கூட்டம் மொய்க்கும். அக்காவலர்கள் ஆட்டக்காரனைத் துரத்துவதற்கும் சுடுவதற்கும் மட்டுமே படைக்கப்பட்டவர்கள்.

இதையா பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று பதறுகிறீர்களா, வாசகரே? பதறுவது நியாயமே. அமெரிக்காவில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்க்கு, ஐரோப்பாவில் பதினெட்டு நிறைந்தோர்க்கு என்று இந்த ஆட்டத்திற்கு வயது வரம்பு குறித்திருக்கிறார்கள். அந்த வரம்பு சரியே என்பது நம் கருத்து. அன்று அண்ணனுக்கு அருகில் ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பி வெளியே அனுப்பிய பிறகே நாம் பேச்சைத் தொடர்ந்தோம். அவன் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆனால் பாருங்கள், அண்ணன்காரன் திருடனாக ஆடவில்லை, காவலராக ஆடிக்கொண்டிருந்தான். இந்த ஆட்டத்தின் இரசிகர்களில் ஒரு சாரார் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். முந்தைய நான்காம் பாகத்திலேயே இந்த முயற்சி தொடங்கிவிட்டது; அதன் நகரம் நியூயார்க்கின் சாயலில் அமைந்த லிபர்ட்டி சிட்டி. ஐந்தாம் பாகம் கணிப்பொறிக்கு வந்த அதே 2015-இல் 'எல்.எஸ்.பி.டி. ஃபர்ஸ்ட் ரெஸ்பான்ஸ்' என்னும் மாற்றம் வெளிவந்தது. ஜி17 மீடியா என்னும் குழுவினர் செய்தது, விலை கிடையாது. மூல ஆட்டத்தின்மேல் இரசிகர்கள் தாமே செய்து பொருத்தும் இத்தகைய மாற்றத்தை 'மாட்' என்று அழைக்கிறார்கள். இதைப் பொருத்தியதும் ஆட்டக்காரன் சீருடை அணிந்த காவலனாகிவிடுகிறான். வானொலியில் அழைப்பு வருகிறது. வண்டியை மடக்கி நிறுத்த வேண்டும், உரிமம் கேட்க வேண்டும், பெயரைச் சரிபார்க்க வேண்டும். குற்றவாளி ஓடினால் துரத்த வேண்டும். பிடிபட்டால் விலங்கிட்டு, அவனை ஏற்றிச் செல்ல வேறொரு வண்டியை வரவழைக்க வேண்டும். இதன்மேலும் இரசிகர்கள் அடுக்கடுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். நடந்து செல்பவரை நிறுத்தி விசாரிக்க ஒன்று, துணைப்படையை அழைக்க ஒன்று, சீருடை வகைகளுக்கு ஒன்று, வண்டியின் மேல்விளக்குகள் முறையாகச் சுழல்வதற்கென்றே ஒன்று.

கொள்ளையடிக்கும் இன்பத்திற்காகக் கட்டப்பட்ட ஒரு நகரத்தில், சிவப்பு விளக்கை மதியாமல் போனவனை நிறுத்தி உரிமம் கேட்பதில் என்ன இன்பம் இருக்க முடியும்? நமக்கு இது விளங்கவில்லை, அவனையே கேட்டோம். "சும்மா சுட்டுக்கினே இருந்தா ரெண்டு நாள்ல போர் அடிச்சிடும் ஐயா. இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை இருக்குது. முறையா செஞ்சாத்தான் நல்லா இருக்கும்" என்றான். இந்த விடை நமக்குப் பிடித்திருந்தது.

அவனுடைய பங்கு என்ன என்று கேட்டோம். வேறொரு கோப்பைத் திறந்தான். வெள்ளை நிற ஜீப்பு ஒன்றின் உடல் முழுவதும் தட்டையாக விரித்து வைக்கப்பட்டிருந்தது. கதவு ஓரிடத்தில், முன்மூடி ஓரிடத்தில், கூரை ஓரிடத்தில் எனத் தையற்காரர் துணியை வெட்டிப் பரப்பியதுபோல் காட்சி. அதன்மீது அவன் நம் தமிழ்நாட்டுக் காவல் வண்டியின் வண்ணங்களைத் தீட்டிக்கொண்டிருந்தான். கதவில் 'காவல்' என்னும் தமிழ் எழுத்து. ல் மேல் உள்ள புள்ளி கதவு இடுக்கில் போய் மறைகிறதென்று அதை ஓர் இழை, இரண்டு இழையாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். லாஸ் சாண்டோஸின் பனைமரச் சாலையில் தமிழ் எழுத்துத் தாங்கிய அந்த வண்டி ஓடக் கண்டபோது நமக்கும் ஒரு சிறு பெருமிதம் உண்டானது, அதை மறைப்பானேன்?

அப்போதுதான் முன்கட்டின் நினைவு வந்தது. தகப்பனார் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாகப் புள்ளி வைத்து மயிலை வரைகிறார். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி எழும்பும், பாவின் இழை உயரும், ஊடையும் ஜரிகையும் அதன் கீழே புகும். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-இல் அமைத்த முறை இது. துளை இருந்தால் ஆம், இல்லையென்றால் இல்லை. கணிப்பொறியும் அடித்தளத்தில் இந்த இரண்டு சொற்களையே பேசுகிறது. அதன் முன்னோர்களில் இந்தத் தறி அட்டையும் ஒன்று. மகன் தறியைவிட்டு வெகுதூரம் போய்விட்டான் என்று பெற்றோர் வருந்துகிறார்கள். அவனோ அவர்களிடமிருந்து கற்ற கண்ணையும் பொறுமையையும் கொண்டே அந்த ஜீப்புக்கு வண்ணம் பூசுகிறான். தகப்பனாரிடம் இதைச் சொன்னோம். "அது சரிங்க ஐயா, ஜீப்பு நெய்தா கூலி யார் குடுப்பாங்க?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

கூலி கிடையாது என்பதே உண்மை. 2017 ஜூனில், இத்தகைய மாற்றங்களுக்கு அடிப்படையாக இருந்த 'ஓப்பன்-ஐவி' என்னும் கருவியை நிறுத்துமாறு ராக்ஸ்டாரின் தாய் நிறுவனம் வக்கீல் கடிதம் விடுத்தது. இரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கி வந்தது; தனி ஒருவர் ஆடும் ஆட்டத்தில், ஆதாயம் கருதாமல் செய்யும் மாற்றங்களின் மேல் பொதுவாக நடவடிக்கை இராது என்றது. ஆக, காசு வாங்கக் கூடாது என்பது இந்த உலகின் முதல் விதி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதுமன்று. 2017-இல் வந்த இந்தோனேசியப் பேருந்து ஆட்டம் ஒன்றில், கேரளத்தின் 'கொம்பன்' சுற்றுலாப் பேருந்தையும் நம் அரசுப் பேருந்துகளையும் வரைந்து ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம்.

இது நிற்க. நம் மனத்தை உறுத்திய சங்கதி வேறொன்று. அன்று அவன் ஒரு திருடனைத் துரத்திப் பிடித்தான். விலங்கிட்டான். ஏற்றிச் செல்லும் வண்டி வந்தது. ஆளை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் திரும்பி மறைந்தது. அடுத்த அழைப்புக்கு அவன் ஆயத்தமானான்.

"அந்த ஆள் என்ன ஆனான்?" என்று கேட்டோம்.

"அவ்ளோதான் ஐயா. போயிட்டான்."

"எங்கே?"

அவன் சற்று யோசித்தான். "எங்கயும் இல்ல. வண்டி கண்ணுக்கு மறைஞ்சதும் கம்ப்யூட்டர் அழிச்சிடும்."

வாசகரே, இந்தச் சொல் நம்மைச் சுட்டது. அமெரிக்கக் காவலரைப் பார்த்து வகுக்கப்பட்ட ஆட்டத்தில் 'காவல்' என்னும் நம் எழுத்தைத் தீட்டுகிறான் பிள்ளை. தீட்டட்டும். ஆனால் நம் மாநிலத்தில் காவல் நிலையத்திற்குள் கண்ணுக்கு மறைந்த இருவரின் கதை நமக்குத் தெரியும். 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், செல்பேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட குற்றம். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை இறந்தார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து விசாரித்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குச் சென்றது. அதற்கு ஒரு மாதம் முன்னர், மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவர் காவலரின் முழங்காலுக்குக் கீழே மாண்டிருந்தார். இவர்கள் யாரும் கணிப்பொறி அழித்துவிடும் உருவங்கள் அல்லர்.

பையனுக்குச் சாத்தான்குளம் நினைவிருந்தது. அப்போது அவன் பள்ளிச் சிறுவன். அவனுக்குத் தெரியாதிருந்தது, அதைத் தடுக்கவென்று முன்பே எழுதி வைக்கப்பட்ட முறைகள். 1986-இல் மேற்கு வங்கத்துச் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் டி.கே.பாசு, காவலில் நேரும் மரணங்களைக் குறித்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பில் பதினொரு கட்டளைகள். கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அட்டை அணிந்திருக்க வேண்டும். கைது செய்த இடத்திலேயே நாளும் நேரமும் குறித்து ஓர் எழுத்துக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ அவ்வட்டாரத்தின் மதிப்புக்குரியவரோ ஒருவராவது அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் ஒப்பமிட வேண்டும். எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது உறவினர்க்கோ நண்பர்க்கோ தெரிய வேண்டும். கைதானவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிடினும், வழக்கறிஞரைப் பார்க்க இடமளிக்க வேண்டும். இவற்றில் பலவும் பின்னர் சட்டப் புத்தகத்திலேயே ஏறின. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் உள்ளன. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பதோ அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவிலேயே இருப்பது.

நாம் சொல்லச் சொல்ல அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். அறிவுரை என்று எண்ணிக் கொட்டாவி விடுவானோ என அஞ்சினோம். அவன் கண்களில் தெரிந்ததோ வேறு. கட்டத்தாளில் புதிய கரை ஒன்றைப் பார்க்கும்போது தகப்பனார் கண்களில் தெரியும் அதே கணக்கு.

"இதெல்லாம் உள்ள வைக்கலாம் ஐயா" என்றான். "சி ஷார்ப்புல எழுதணும். எங்க செட்ல ஒரு பையன் அதுல கெட்டிக்காரன். அந்தக் குறிப்பு எழுதி முடிக்காம வண்டியே வராதுன்னு வெச்சிடலாம்."

"சாட்சிக் கையெழுத்து?"

"தெருவுல போற ஆளக் கூப்பிட்டுக் கேக்கறாப்புல வைக்கலாம். பத்துல ஏழு பேரு, எனக்கு எதுக்கு வம்புன்னு போயிடணும். அதான நெசம்?"

நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அப்புறம் மாஜிஸ்திரேட் எங்கே என்று கேட்டோம். நகரத்தின் வரைபடத்தை விரித்து, எதை நீதிமன்றமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு கட்டடமாகப் பார்க்கத் தொடங்கினான். நடுவில் அவனே நிறுத்தினான். "ஒரு சிக்கல் இருக்குது ஐயா. இந்த ஊர்ல ஒரு நாளுங்கறது நம்ம கணக்குல 48 நிமிசம்தான். அதுக்குள்ள ஆளக் கொண்டுபோய் நிறுத்தணும். இப்ப ஒரு சண்ட முடிக்கவே அரமணி ஆவுது."

"அப்படியானால் சண்டையைக் குறைத்துக்கொள்" என்றோம்.

பதினொன்றையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டான். வெற்றுத்தாள் அகப்படவில்லை. தகப்பனார் எழுந்து வந்து, பழைய கட்டத்தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்; மறுபுறம் பாதி வரைந்து கைவிட்ட ஓர் அன்னம். அதன் முதுகில் ஒன்று முதல் பதினொன்று வரை எழுதிக் கொடுத்தோம். வெளியே வரும்போது, "என்னாங்க ஐயா, சொன்னீங்களா அவன்கிட்ட?" என்று அம்மாள் ஆவலோடு கேட்டார். தார் சுற்ற வருவான் என்று மட்டும் சொல்லிவைத்தோம். அதற்குள் பின்கட்டிலிருந்து அவன் யாரையோ செல்பேசியில் அழைத்து, முதல் கட்டளையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.