பை போனால் நோய் போனதா?

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை அகற்றி, வயிற்றில் ஒட்டும் பைக்குச் சிறுநீரைத் திருப்பிவிட்டபின், வறண்டு கிடக்கும் சிறுநீர்ப் புறவழியை, அதாவது சிறுநீர் முன்பு வெளியேறிய குழாயை, சோதிக்க வேண்டியதில்லை என்பது பரவலான வாதம். அது மூன்று இடங்களில் சறுக்குகிறது.

1. சிறுநீரகத்தின் உட்குழி முதல் புறவழியின் மேற்பகுதி வரை உட்பூச்சாக இருப்பது யூரோதீலியம் என்னும் ஒரே வகைத் திசு. புகையிலை நச்சும், தோல் தொழிலில் பயன்பட்ட சாயங்கள் சிலவற்றின் அரோமாட்டிக் அமீன்களும் சிறுநீர் வழியாக அப்பரப்பு முழுவதையும் தீண்டியிருக்க, சிறுநீர்ப்பை மட்டும் போனால் எஞ்சியது தூய்மையாகிவிடுமா?

2. புறவழி எஞ்சியிருக்கும் ஆண்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 4 முதல் 8 பேரிடம், பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள், நோய் அங்கே மீள்கிறது. புரோஸ்டேட் சுரப்பியினூடே செல்லும் பகுதியில் முன்பே புற்று இருந்தோருக்கு இடர் மிகுதி. குறைவு என்றால் இல்லை என்று பொருளா?

3. வறட்சியே காவல் எனில், அங்கே நோய் மீண்ட சிலரின் உள்ளாடையில் படியும் இரத்தக்கறை எங்கிருந்து வருகிறது?

இதனால் எல்லோருக்கும் புறவழியை வெட்டியெறிய வேண்டும் என்றாகாது. இடருக்கேற்ற கண்காணிப்பே தேவை. கறையைக் கண்டவர் அடுத்த தவணைக்குக் காத்திராமல் சிறுநீரியல் மருத்துவரை அணுக வேண்டும்.