மதகு திறப்பதில் ஒரு மனச்சான்று

அணை என்றதும் மின்சாரமும் பாசனமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அமெரிக்காவின் வடமேற்கில், கொலம்பியா ஆற்றிலும் அதன் துணையாறான ஸ்நேக் ஆற்றிலும், ஒவ்வொரு வசந்தகாலத்திலும் வேறொரு கேள்வி எழுகிறது. மதகை எப்போது திறப்பது? எவ்வளவு நேரம் திறந்து வைப்பது?

பனி உருகி ஆறு பெருகும் அந்நாள்களில்தான் சால்மன் மீன்குஞ்சுகள் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. அதே வெள்ளம் மரக்கட்டைகளையும் கிளைகளையும் அடித்து வருகிறது. கடலுக்குச் செல்லும் வழியிலுள்ள எட்டு அணைகளில் முதலாவது, 1975ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட லோயர் கிரானைட் அணை. ஆகவே குப்பையின் பெரும்பங்கு அங்கேதான் சேர்கிறது. அது கம்பித் தடுப்புகளை அடைத்துக்கொண்டால், ஒடுங்கிய வழியில் நுழையும் குஞ்சுகள் செதில் உரிந்து காயமடைகின்றன. மின் உற்பத்தியும் தடைபடுகிறது.

அப்படியானால் மதகை அகலத் திறந்து எல்லாவற்றையும் தள்ளிவிடலாமே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் உயரத்திலிருந்து விழும் நீர் காற்றையும் தன்னோடு ஆழத்திற்கு இழுத்துச் செல்வதால், நீரில் வாயு அளவுக்கு மீறிக் கரைகிறது. அதனால் மீன்களுக்கு வாயுக்குமிழி நோய் வருகிறது. மதகுகளின் ஒழுங்கு மாறினால் அணைக்குக் கீழே சுழல்கள் உண்டாகி, குஞ்சுகள் பறவைகளுக்கும் பெரிய மீன்களுக்கும் இரையாகின்றன. மேல்நோக்கி வரும் தாய்மீன்களோ மீன் ஏணியின் வாயில் தெரியாமல் தடுமாறுகின்றன. எனவேதான் அணையை இயக்கும் இராணுவப் பொறியாளர் படை, குப்பைக்காக மதகு திறக்குமுன் மீன்வளத் துறையினரோடு கலந்து பேசுகிறது. தேவையான மதகை, தேவையான நேரம் மட்டுமே திறக்கிறது. இயன்றபோது பாரந்தூக்கியைக் கொண்டே கட்டைகளை அகற்றுகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு? கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரெட்ஃபிஷ் ஏரிக்கு, 1992ஆம் ஆண்டு திரும்பி வந்த சாக்கை சால்மன் ஒன்றே ஒன்று! இந்த மீன்களை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கு 1855ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் மீன்பிடி உரிமையை உறுதிசெய்தன. மீனே இல்லாத ஆற்றில் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

அப்பகுதியின் கத்தோலிக்க ஆயர்கள், அமெரிக்கரும் கனடியருமாக, 2001ஆம் ஆண்டு இந்த ஆற்றைக் குறித்தே ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டனர். படைப்பைப் பேணுவதையும் பொதுநலனையும் அதில் இணைத்துப் பார்த்தனர். 2023ஆம் ஆண்டு பூர்வகுடிகளோடும் மாநிலங்களோடும் மத்திய அரசு செய்த மீன்வள மீட்பு உடன்பாட்டிலிருந்து, 2025ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு விலகியது. ஆக, வழக்கும் வாதமும் ஓயவில்லை.

மின்சாரம் வேண்டும், அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காக எளியவற்றின் பாதையை நாம் அடைத்துவிடக் கூடாது. அந்த மதகைச் சற்றுத் தாமதமாகவும் சற்றுக் குறைவாகவும் திறக்கும் கையில் ஒரு நீதி இருக்கிறது. நம் கையிலுள்ள அதிகாரம், அது சிறிதோ பெரிதோ, யாருடைய வழியைத் திறக்கிறது, யாருடைய வழியை அடைக்கிறது? சிந்திப்போம்.