ஒட்டுக் கன்றும் இயற்கை விவசாயமும்

இயற்கை விவசாயத்தைப் புகழாத மேடை இன்று நம் நாட்டில் இல்லை. 2023-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் அதற்கென்று ஒரு கொள்கை அறிக்கையையே வெளியிட்டனர். எருவைப் பற்றியும், பூச்சி விரட்டியைப் பற்றியும், சந்தையைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. ஆனால் பழ மர விஷயத்தில் இவை எல்லாவற்றிற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. கன்று எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களின் நெல்லி விவசாயிகளை முன்னிட்டு இன்று எழுப்ப விரும்புகிறோம்.

மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்திலுள்ள இப்பிரதேசத்திற்கு நெல்லி மிகவும் ஏற்ற மரம். வறட்சியைத் தாங்கும், மற்றப் பழ மரங்கள் முகம் சுளிக்கும் உவர் நிலத்திலும் பிழைக்கும். ஆயினும் கொட்டையிலிருந்து முளைத்த நெல்லி தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டு வருவதில்லை. அது காய்ப்புக்கு வரவும் ஏழெட்டு வருஷங்கள் ஆகும். ஆகையால்தான் நாட்டு நெல்லிக் கொட்டையை முளைக்க வைத்து, அந்த வேர்ச்செடியில் நல்ல ரகத்தின் மொட்டை ஒட்டிக் கன்று தயாரிக்கிறார்கள். ஒட்டுக் கன்று நான்கைந்து வருஷங்களில் காய்க்கும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் அளித்த பி.எஸ்.ஆர்.1, வடக்கிலிருந்து வந்த என்.ஏ.7, கிருஷ்ணா, காஞ்சன் முதலிய ரகங்கள் இவ்வாறே பரவின.

இங்குதான் ஆபத்தும் தொடங்குகிறது. நெல்மணி பொய்த்தால் நஷ்டம் ஒரு போகம். நெல்லிக் கன்று பொய்த்தால் நஷ்டம் ஐந்து வருஷ உழைப்பு. பை நிறைய இலையோடு நிற்கும் கன்று எந்த ரகம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது எளிதன்று. ஒரே ரகத்தைத் தோட்டம் முழுவதும் நட்டால் மகரந்தச் சேர்க்கை குறைந்து காய்ப்பும் குன்றும். இரண்டு மூன்று ரகங்களைக் கலந்தே நட வேண்டும். விற்பவர் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்த ஏற்பாடும் பாழாகிறது. அன்றியும், பையிலுள்ள மண்ணோடு வேர் முடிச்சு நூற்புழுவும் தோட்டத்திற்குள் வந்து சேரக்கூடும். அதைக் கொல்லக் குருணை மருந்து இட்டு வளர்த்த கன்றானால், இயற்கை விவசாயி தன் நிலத்தில் ஒதுக்கிய விஷத்தை விலை கொடுத்து வாங்கி வந்தவனாகிறான்.

2001 முதல் நடைமுறையிலுள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் விதிகள் இதை அறியாமல் இல்லை. நடவுக்கான விதையும் கன்றும் இயற்கை முறையில் உண்டானவையாக இருக்க வேண்டும் என்றே அவை கூறுகின்றன. கிடைக்காதபோது ரசாயன மருந்து தோயாத கன்றை உபயோகிக்கலாம் என்று விலக்கும் அளிக்கின்றன. விலக்கு நியாயமே. ஆனால் இயற்கை முறைக் கன்றுப் பண்ணைகள் அரிதாக இருக்கும் வரையில் விலக்கே விதியாகிவிடும் அன்றோ? பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருஷ மாறுதல் காலம் கேட்கும் அதிகாரிகள், அம்மரம் பிறந்த பையைப் பற்றியும் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்க வேண்டாமா?

தேசத் தொண்டர்களுக்கு இதை விளக்கக் கதரின் உதாரணம் ஒன்றே போதும். 1925-ல் தோன்றிய அகில பாரத சர்க்கா சங்கம் கைத்தறியில் நெய்த துணிக்கெல்லாம் கதர் என்று சான்று அளித்துவிடவில்லை. நூலும் கையால் நூற்றதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. மில் நூலைக் கைத்தறியில் நெய்தால் அது கைத்தறித் துணி, கதர் ஆகாது. 1936-ல் தோன்றிய ராஜபாளையம் மில்லின் நூலைப் பார்த்து வளர்ந்த ஊராருக்கு இந்த வேற்றுமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கு நூல் எப்படியோ, தோட்டத்திற்குக் கன்றும் அப்படியே.

இயற்கை முறைக் கன்றுக்கு விலை அதிகமாகும், யார் வாங்குவார்கள் என்று பண்ணைக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கேட்பவர் இல்லாத சரக்கை யாரும் வளர்க்க மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபதடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 110 கன்றுகளே வேண்டும். எருவுக்கும் ஆளுக்கும் வருஷந்தோறும் செலவுண்டு. கன்றுக்குச் செலவு ஒரே தடவை. அந்த ஒரு தடவையில் சிக்கனம் பார்ப்பது, அஸ்திவாரத்தில் சுண்ணாம்பைக் குறைத்துக் கோபுரம் கட்டுவது போன்றதே.

ஆகவே மூன்று காரியங்களைக் கோருகிறோம். முதலாவது, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த பூவாணி அரசுத் தோட்டக்கலைப் பண்ணை போன்ற இடங்களில், ரசாயனம் படாத தாய் மரத் தோப்பும் கன்றுப் பகுதியும் தனியாக வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, விற்கும் ஒவ்வொரு கன்றிலும் ரகம், தாய் மரம், ஒட்டிய மாதம், இட்ட மருந்து ஆகியவற்றை எழுதிய சீட்டு இருக்க வேண்டும். 1966-ம் வருஷத்து விதைச் சட்டம் உணவுப் பயிர்களின் ஒட்டுக் கன்றையும் 'விதை' என்றே கருதுகிறது. ஆகையால் சர்க்கார் இதைப் புதுமை என்று தட்டிக்கழிக்க இடமில்லை. மூன்றாவது காரியம் விவசாயிகளுடையது. அவர்கள் தனித்தனியே சந்தையில் கிடைத்ததை வாங்காமல், பத்துப் பேராய்ச் சேர்ந்து, ஒரு வருஷத்திற்கு முன்பே பண்ணைக்காரரிடம் எழுத்து மூலம் கன்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கேட்பவர் இருப்பதாகத் தெரிந்தால் வளர்ப்பவரும் தோன்றுவார்.

கிராமங்களில் வேலை செய்யும் தொண்டர்கள் இந்த மூன்றாவது காரியத்தைத் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும். சர்க்காரின் உத்தரவு வரும் வரையில் காத்திருக்க அவசியமில்லை. இவ்வருஷம் ஒட்டுக்கு ஏற்பாடு செய்தால், அடுத்த ஐப்பசி மழைக்கு முன் நல்ல கன்று கைக்கு வரும்.