தேனில் இரு நீதியா?

கடைத்தேன் வாங்குவோர் அதைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். திரியில் தோய்த்துக் கொளுத்துகிறார்கள். எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருக்கிறார்கள். இப்பரீட்சைகளால் யாதொரு பயனுமில்லை என்பதே நமது அபிப்பிராயம். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரின் அடியில் தங்கும். உறைந்த தேனைக் கலப்படமென்று தள்ளுகிறோம். உறைதல் தேனிலுள்ள குளுக்கோஸின் இயல்பேயன்றிக் குற்றமன்று.

வீட்டுப் பரீட்சை கிடக்கட்டும். சட்டம் கேட்கும் பரீட்சையின் யோக்கியதை என்ன? கரும்புச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு அரிசிப் பாகு அகப்படுவதில்லை. 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையத்தார் 13 கம்பெனிகளின் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை தேறின; ஜெர்மனியில் என்.எம்.ஆர். என்னும் நுட்பச் சோதனையில் தேறியவை மூன்றே! சில கம்பெனிகள் இம்முடிவை மறுத்ததும் உண்மையே.

ஆனால் அதே வருஷம் ஆகஸ்டு முதல் ஏற்றுமதித் தேனுக்கு இந்த என்.எம்.ஆர். சோதனை கட்டாயமாயிற்று, உள்நாட்டில் விற்கும் தேனுக்கு அக்கட்டாயம் விதிக்கப்படவில்லை. அந்நியர் நாவுக்கு ஒரு நீதி, நம்மவர் நாவுக்கு வேறொரு நீதியா?

நஷ்டம் வாங்குவோருக்கு மட்டுமன்று. மலிவான பாகு தேனென்று விலைபோனால், மார்த்தாண்டத்துப் பக்கம் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கும் யோக்கியமான குடியானவர் பிழைப்பது எங்ஙனம்?

ஏற்றுமதிக்குள்ள சோதனையையே உள்நாட்டுக்கும் சர்க்கார் விதிக்க வேண்டும். முடிவுகளைக் கம்பெனிப் பெயருடன் பகிரங்கமாகப் பிரசுரிக்க வேண்டும். இதை வற்புறுத்திப் பெறுவது தேசத் தொண்டர் கடமை.